பால் கணக்கும் சைக்கிள் கணக்கும்

அரிசி அளக்கப் படி வைத்திருக்கிறோம். எண்ணெய்க்கு லிட்டர், பூவுக்கு முழம், தங்கத்துக்கு மில்லிகிராம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால், ஓர் உடம்பு இன்றைக்கு எவ்வளவு உழைத்தது என்று அளக்க உங்கள் வீட்டில் ஏதாவது இருக்கிறதா? “அதற்கெல்லாம் அளவு ஏது, போங்கள்!” என்று நீங்கள் சிரிக்கலாம். இருக்கிறது, சகோதரிகளே. ஒரு பென்சிலும் சுவர்க் கடிகாரமும் போதும். எங்கள் வீட்டில் போன கார்த்திகையில் ஆரம்பித்த கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள்.

காவாந்தண்டலம், உத்திரமேரூர்ப் பக்கத்தில் செய்யாற்றங்கரைக் கிராமம். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றபின், தம்பி வீட்டோடு அங்கே இருக்கிறேன். தம்பியின் மகளுக்குப் பதினைந்து முடிந்து பதினாறு நடக்கிறது. அண்ணா பிறந்த நாளை ஒட்டிச் செப்டம்பரில் மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் போட்டி வைக்கிறார்களல்லவா? பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு 15 கிலோமீட்டர். கியர் வைத்த பந்தய வண்டியெல்லாம் கூடாது. நம் நாட்டில் செய்த சாதாரண வண்டிதான். “அத்தை, அடுத்த வருஷம் நானும் ஓட்டப்போறேன்” என்றாள் பெண். அவ்வளவுதான், விடியற்காலைப் பழக்கம் ஆரம்பமாயிற்று.

பழக்கம் என்றால் அளவு வேண்டுமே! வெளிநாட்டுப் பந்தயக்காரர்கள் வண்டியில் ‘பவர் மீட்டர்’ என்று ஒரு கருவி பொருத்திக்கொள்கிறார்கள். பெடலை மிதிக்கும்போது அதைத் தாங்கும் இரும்புக் கை மயிரிழை வளைகிறது. அந்த வளைவையும், கை சுற்றும் வேகத்தையும் வைத்துக் கால் கொடுக்கும் சக்தியை வாட் கணக்கில் சொல்லிவிடும். ஜெர்மனியில் உல்ரிக் ஷோபரர் என்ற பொறியாளர் 1986-ல் இதைச் செய்தார். நல்ல கருவிதான், ஆனால் விலை எங்கள் வீட்டு ஒற்றைச் சைக்கிளைப் போலப் பல சைக்கிள் வாங்கும்!

“எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாள் என்று எழுதினால் போதாதா?” என்று கேட்பீர்கள். கார்த்திகை, மார்கழியில் அது பலிக்காது. வாடைக்காற்று எதிரே அடித்தால் அதே தூரம் இரண்டு பங்கு பாடுபடுத்தும். காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால், வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்பது பௌதிக சாஸ்திரம். மழை பெய்த மறுநாள் சேறு, டயரில் காற்றுக் குறைவு, பின்னால் புத்தகப் பை, இவையெல்லாம் கிலோமீட்டரில் தெரிவதில்லை.

இதற்கு வழி சொன்னவர்கள் இருவர். ஸ்வீடன் தேசத்து மனோதத்துவ அறிஞர் குன்னார் போர்க் 1960-களில், உடம்பு படும் சிரமத்துக்கு அந்த உடம்பையே மார்க் போடச் சொன்னார். அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் 1990-களில் அதை இன்னும் சுலபமாக்கினார். பூஜ்யம் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. பத்து என்றால் இதற்குமேல் உயிரில்லை. பயிற்சி முடிந்து அரைமணி கழித்து, “மொத்தத்தில் எவ்வளவு கஷ்டமாக இருந்தது?” என்று கேட்க வேண்டும். உடனே கேட்டால் கடைசி மேட்டின் மூச்சிரைப்புதான் பதில் சொல்லும். வருகிற எண்ணை நிமிஷத்தால் பெருக்கினால் அன்றைய பாரம்.

எங்கள் வீட்டுக் காலண்டரில் பால் கணக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதினோம். சாலையோரப் புளியமரம் வரை போய்த் திரும்ப 40 நிமிஷம், கஷ்டம் 4. பெருக்கினால் 160. இப்படி வாரத்தில் நாலு நாள். சனிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம், கஷ்டம் 6, ஆக 360. இரண்டு நாள் ஓய்வு. வாரத்துக்கு மொத்தம் சரியாக ஆயிரம். எல்லா நாளும் ஒரே மாதிரி மிதிக்காமல், லேசான நாளும் கடினமான நாளும் மாறி வரவேண்டும். ஒரே பாரத்தைத் தினமும் சுமந்தால் களைப்புத் தங்கிவிடும் என்பதும் ஃபாஸ்டர் சொன்னதுதான்.

போட்ட மார்க் சரிதானா என்று பார்க்க வாயையே நம்பலாம். மிதித்துக்கொண்டே ஒரு பாட்டை முழுதாகப் பாட முடிந்தால் லேசு. பேச முடிந்து பாட முடியாவிட்டால் நடுத்தரம். ஒற்றை வார்த்தைதான் வருகிறதென்றால் கடினம். இதோடு, காலையில் கண் விழித்ததும் படுக்கையில் இருந்தபடியே மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணி எழுதினாள். 74 என்று ஆரம்பித்தது.

மார்கழி பாதியில் புளியமரத்துக்கு 5 போட்டாள். வாடை என்று நினைத்தோம். பிறகு 6 ஆயிற்று. பொங்கல் முடிந்து சாலை காய்ந்துவிட்டது, காற்றும் அடங்கிவிட்டது. ஆனால் 7 என்று எழுதினாள்! அதே மரம், அதே 40 நிமிஷம். சனிக்கிழமைக்கு 9. ஆயிரமாக இருந்த வாரக் கணக்கு 1,660 ஆகிவிட்டது. நாடி 88.

வீட்டில் புயல் கிளம்பிற்று. “வயசுப் பொண்ணு விடியகாலம் சைக்கிள் மிதிச்சா இளைக்காம என்ன பண்ணுவா? போதும் பந்தயம்!” என்று அவள் அம்மா வண்டியைப் பூட்டிச் சாவியை அஞ்சறைப் பெட்டியில் போட்டுவிட்டாள். பெண் அழுதாள். 1991-ல் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். ஊர் கேலி செய்தும் அவர்கள் இறங்கவில்லை. இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். நாத்தனார் பேச்சு எடுபடுமா?

காலண்டர்தான் எடுபட்டது. “இங்கே பார் அம்மா, ஓட்டின நிமிஷம் ஏறவே இல்லை, வாரத்துக்கு 220 நிமிஷம், அன்றும் இன்றும். கஷ்டம் மட்டும் ஏறியிருக்கிறது. வண்டிக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் போட்டாயிற்று. ஒரு வாரம் ஓய்வு கொடுத்த பிறகும் ஏழுதான். அப்படியானால் கோளாறு சைக்கிளிலா, உடம்பிலா?” என்றேன். தம்பி மனைவி காலண்டரையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, “மாசா மாசம் அவளுக்கு ரொம்பப் போவுது அண்ணி. கேட்டா ஒண்ணுமில்லேன்னு சொல்லிடறா” என்றாள்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய பெண்ணுக்கு 8.6! உடம்புக்குப் பிராணவாயுவைச் சுமப்பது அதுதான். சுமப்பவர் குறைந்தால், இருதயம் அதிகம் துடித்து ஈடு கட்டப் பார்க்கும். நாடி ஏறியதன் ரகசியம் அதுவே. கால் கொடுத்த சக்தியை மட்டும் சொல்லும் கருவி இருந்திருந்தால், அதே வேகத்துக்கு அதே வாட் என்று காட்டியிருக்கும். அந்தச் சக்திக்கு உடம்பு கொடுத்த விலையைச் சொன்னது அவள் போட்ட மார்க்தான்.

இரும்புச் சத்து மாத்திரை, பூச்சி மருந்து, மாதப்போக்குக்குத் தனியாகச் சிகிச்சை என்று டாக்டரம்மா கொடுத்தார். மாத்திரையோடு காபியும் பாலும் கூடாது. எலுமிச்சைச் சாறு நல்லது. எண்ணிக்கை சரியானபின்னும் சில மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். சித்திரையில் மறுபடி பரிசோதித்தபோது 11.4. புளியமரம் பழையபடி 4, நாடி 76. சாவி அஞ்சறைப் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்குமேல் ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டு, இப்போது 1,400-ல் நிற்கிறோம். ஆவணிக் கடைசியில் போட்டி. பரிசு கிடைக்குமோ, கிடைக்காதோ, பெண்ணின் முகத்தில் சிவப்பு வந்துவிட்டது.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வரையுள்ள பெண்களில் பாதிக்குமேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் எத்தனை பேர் சைக்கிள் மிதிக்கிறார்கள்? ஆனால் எல்லோருக்கும் ஏறவேண்டிய மாடிப்படி உண்டு. தூக்கவேண்டிய தண்ணீர்க் குடம் உண்டு. போன மாதம் மூன்றாக இருந்த மாடிப்படி இந்த மாதம் ஆறானால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். உங்கள் பெண்ணைக் கேளுங்கள். மருமகளைக் கேளுங்கள். கேட்டு முடித்தபின், பென்சிலைக் கீழே வைக்குமுன், உங்களையும் ஒரு தரம் கேட்டு எழுதிவிடுங்கள்.