இடம் மாறிய கொம்பு

வெள்ளி இரவு

அபிராமத்தில் முண்டு மிளகாய் வரத்து தொடங்கிவிட்டது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய்க்கு மாமா கடையில் இன்னும் நோட்டுக் கணக்குதான். எடைச்சீட்டு போட ஒரு புரோகிராம் கேட்டார். "இங்கிலீசு வேணாம் மாப்ள, பாத்ததும் புரியணும்." பள்ளியில் தந்த விலையில்லா மடிக்கணினியில் லினக்ஸும் பைத்தானும் இருக்கின்றன. பைத்தானில் விண்டோ, பொத்தான் எல்லாம் வரையும் டிகின்டர் நூலகத்தில் டூல்பார் என்று தனியாக ஒன்று கிடையாது. விண்டோவின் மேல் விளிம்பில் அகலம் முழுக்க ஒரு சட்டத்தை ஒட்டி, அதற்குள் பொத்தான்களை இடமிருந்து அடுக்க வேண்டும். புதிது, சேமி, அச்சிடு. மூன்று போதும்.

சனி காலை

விண்டோ திறந்ததுமே, யாரும் தொடாமல், ஒரு வெற்றுச்சீட்டு பதிவாகிறது. பொத்தானிடம் ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். நான் அடைப்புக்குறியும் சேர்த்திருந்தேன். பெயர் மட்டும் இருந்தால் அழுத்தும்போது ஓடும். அடைப்புக்குறி வந்தால் அந்த நொடியே ஓடிவிடும்.

சனி மாலை

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சமே... என்னது மாப்ள இது?"

'சேமி'யின் இரட்டைக் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நின்று, ம-வோடு ஒட்டிக்கொண்டிருந்தது. யூனிகோடில் முதலில் ச, அடுத்துதான் கொம்பு. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வரையும் மென்பொருளின் பொறுப்பு. டிகின்டருக்கு அடியில் வேலை செய்யும் டிகே, லினக்ஸில் என்னிடமுள்ளது, அதைச் செய்வதில்லை. அறுபது வருடமாகத் தமிழ்ப் பேப்பர் படிக்கிறவரைத் தமிழிலேயே திணற வைத்துவிட்டேன். மனசு ஆறவில்லை.

ஞாயிறு

ஜிடிகே 3 என்ற வேறொரு நூலகத்துக்கு மாறினேன். தமிழிலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழிக்கு 'எழுதி' என்றொரு செயலி உண்டு. அதுவும் ஜிடிகேயில் கட்டியதுதான். அந்த தைரியம். இங்கே எழுத்தை வரைவது பாங்கோ என்ற நூலகம். கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம், ஜப்பானியத்தில் 'கோ' என்றால் மொழி. பேருக்கேற்றபடி, கொம்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது. டூல்பாரும் தயாராகவே கிடைக்கிறது. ஜிடிகே 4-இல் அதை எடுத்துவிட்டார்கள். படம் வைக்கவில்லை. 'சேமி'க்கு வழக்கமாகப் போடும் பிளாப்பி டிஸ்க்கை மாமா எங்கே பார்த்தார்? எழுத்து மட்டும், பெரிதாக.

திங்கள்

முதல் சீட்டு, மூன்று சாக்கு. மாமா மவுஸை நகர்த்தி நிறுத்தி, "சேமி" என்று வாய்விட்டுப் படித்தார். அழுத்தினார். எண்கள் பதிந்தன.

"அடுத்த சாக்கைத் தராசுல ஏத்துங்கப்பா."