மலையும் மாமியும்

கொழும்புத்துறை,
தை மாதம்.

அன்புச் சிநேகிதிக்கு,

ஸ்காபுரோக் குளிருக்குள்ள இருக்கிற உனக்குச் சூடான கதை ஒண்டு. எங்கட ஒழுங்கை மூலை வீட்டுக் கலியாண அல்பம் வந்திட்டுது. கலியாணம் முடிஞ்ச கையோட அப்புத்தளைக்குப் போய் எடுத்த படங்கள். விரிச்சால் முழுக்கப் பனிப்புகார். மலை, அதுக்குப் பின்னால வெளிறின மலை, அதுக்கும் பின்னால ஒரு கோடு. கீழ் மூலையில பயத்தம்பருப்பளவில சிவப்பாய் ஒரு புள்ளி. "உதுதான் பொம்பிளை" எண்டானாம் கமராக்காரப் பெடியன். மாமிக்காரி கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்திட்டு, "நாங்கள் போட்ட அட்டியல் எங்கையடா?" எண்டிருக்கிறா!

நானும் ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு போய்ப் பாத்தன். எங்கட ஊரில ஏறி நிக்க ஒரு புட்டியும் இல்லை. துறையில நிண்டு பாத்தால் பூநகரிப் பக்கம் மட்டும் தட்டையாய்த் தண்ணிதான். அதால எங்கட சனத்துக்கு மலை எண்டால் ஒரு விசர். ஆனால் பெடியன் சொன்னது நியாயம். மலை தன்ர உயரத்தைத் தானாய்ச் சொல்லாதாம். பக்கத்தில ஆள் நிண்டால்தான் கண் அளக்குமாம். ஆயிரம் வருசத்துக்கு முந்திச் சீனாவில ஃபான் குவான் கீறின படத்தையும் போனில காட்டினான். ரெண்டு மீற்றர் உயரப் பட்டுத்துணி முழுக்க மலை, அடிவாரத்தில பொதி சுமக்கிற கழுதைகளும் ஓட்டுற ஆக்களும் கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும். மாமி விடுவாவோ? "அந்தக் கழுதையளுக்கு ஆர் நகை போட்டது?"

எடுத்த கதையைக் கேள். அங்க லிப்டன் சீற் எண்ட மலை உச்சிக்கு எல்லாரும் விடியப்பறம் போறது புகார் ஏற முந்தி மலையைப் பாக்க. இவன் சனம் இறங்கட்டும் எண்டு காத்திருந்து, புகார் ஏறத்தான் கமராவைத் திறந்தானாம். வெள்ளைப் புகாரைக் கமரா சாம்பலாக்கிப் போடுமாம், அதால வெளிச்சத்தை ஒரு படி கூட்டிவைக்க வேணும். வெறும் புகாரில ஃபோக்கஸும் பிடிபடாது. கூறைச்சேலைக் கரையைப் பிடிச்சு எடுத்தானாம். பொம்பிளை காதுக்குள்ள போன். "கையை உடம்போட ஒட்டாதையுங்கோ, தூரத்தில ஆளெண்டே தெரியாது. அங்கால போகாதையுங்கோ, காணாமல் போயிடுவியள்." மாப்பிளைக்கு அட்டைப் பயம், பாதிப் படத்தில குனிஞ்சு காலைத்தான் பாக்கிறார்.

ஆனால் அல்பத்தில எனக்குப் பிடிச்ச படத்தில பொம்பிளையே இல்லை. கொழுந்து பறிக்கிற ஒருத்தி புகாருக்குள்ளால நடந்து போறாள். பேரென்ன எண்டு கேட்டன். பெடியன் தலையைச் சொறிஞ்சான். எங்கட பெட்டை காசு குடுத்துச் சின்னனாய் நிண்டவள். மற்றவளை ஒருத்தரும் கேக்கேல்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால நாடில்லாமல் போனவையின்ர பேத்தியாய்க் கூட இருக்கலாம். படத்தில மலையை அளக்க மட்டும் அவள் வேணும்.

அவளைப் பாக்க எனக்கு இன்னொருத்தியின்ர ஞாபகம் வந்தது. ஜூலியா மார்கரெட் கமரன் எண்டொரு வெள்ளைக்காரி. முகங்களைக் கிட்ட நிண்டு பெரிசாய்ப் படமெடுத்துப் பேர் வாங்கினவ. 1875 இல புருசனோட இலங்கைக்கு வந்து, 1879 இல மலைநாட்டிலயே செத்தவ. பொகவந்தலாவைத் தேவாலயத்தில கல்லறை இருக்கு. இங்கயும் அவ ஆக்களைத்தான் எடுத்தா. அந்தப் படங்களிலயும் கனபேருக்குப் பேரில்லை, ஆனால் முகம் இருக்கு. இதைச் சொல்ல, பெடியன் அடுத்தமுறை போகேக்க கொழுந்து பறிக்கிறவளுக்கு அவளின்ர படத்தில ஒரு பிரதி கொண்டு போறன் எண்டான். பாப்பம்.

உன்ர மகளின்ர கலியாணத்துக்கு இவனைப் பிடிக்கலாமோ எண்டு கேட்டிருந்தாய். தாராளமாய்ப் பிடி. ரேட் கூடத்தான், ஆனால் வடிவாய் எடுப்பான். முகம் எத்தினை, மலை எத்தினை எண்டு மட்டும் முதலே எழுத்தில வாங்கிப்போடு.

உன்ர,
கொழும்புத்துறைக்காரி