எழுத ஆள் வச்ச கதை

போன வாரம் களத்துல மஞ்சள் காயுற படம் போட்டிருந்தேன். அதைப் பாத்துட்டு ரெண்டு மூணு பேர், "உங்க வெப்சைட்டுக்கு யாருங்க எழுதிக் குடுத்தது? எவ்வளவு ஆச்சு?"ன்னு கேட்டாங்க. இப்ப இருக்கிறது ரெண்டாவதா எழுதினது. முதல்ல எழுதினதைப் பத்திச் சொல்லாம இதைச் சொன்னா அது அரைக்கதைதான்.

எங்களுக்கு காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்துல 3 ஏக்கர். வைகாசி கடைசியில நட்டா தை, மாசியில வெட்டு. வேக வச்சு, காய வச்சு, விரலி தனியா கிழங்கு தனியா மூட்டை பிடிச்சு ஏலத்துக்குக் கொண்டு போவோம். அங்கே விழுந்த விலைதான் விலை. நம்ம கையில ஒண்ணும் இல்லை. 2019ல ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்ப எங்க மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை. "மாமா, கொஞ்சம் மஞ்சளை நாமளே தூள் அரைச்சு நேரா வித்தா என்ன?"ன்னார். அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. வெப்சைட்டை அவரே கட்டிட்டார். படம் எல்லாம் பிரமாதம். எழுத்துதான் இல்லை. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். இங்கே நாலு வரி கிறுக்குறது வேற, விக்கிறதுக்கு எழுதுறது வேறன்னு நெனச்சேன்.

அதுக்குன்னே தொழில்முறை எழுத்தாளுங்க இருக்காங்கன்னு ஒரு தம்பியைப் பிடிச்சோம். போன்ல பத்து நிமிஷம் பேச்சு. ஒரு சொல்லுக்கு ஒரு ரூபாங்கிற கணக்கு, 5 பக்கத்துக்கு 4,000 ரூபா. தோட்டம் எங்கே இருக்குன்னுகூட அவர் கேக்கலை. நானும் சொல்லலை. மூணே நாள்ல எழுதி அனுப்பிட்டார்.

தலைமுறை தலைமுறையா ரசாயனமே அறியாத மண்ணாம். 100 சதவீதம் ஆர்கானிக்காம். குர்குமின் 8 சதவீதமாம். சர்க்கரை நோய், மூட்டுவலி, புற்றுநோய் எல்லாத்தையும் வேரோட அழிக்குமாம். படிச்சப்ப எனக்கே அந்த மஞ்சளை வாங்கணும்போல இருந்துச்சு.

வீட்டுக்காரம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "ஏனுங்க, அப்ப போன ஆடியில யூரியா போட்டது யாரு தோட்டத்துக்கு?"ன்னு கேட்டா. விளம்பரம்னா அப்படித்தான் இருக்கும்னு சொல்லி அவ வாயை அடைச்சிட்டேன். எழுதின தம்பிக்கு எங்க தோட்டம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட விட்டேன்.

ரெண்டாவது மாசம் திருப்பூர்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. "ஐயா, எங்கம்மாவுக்கு 15 வருஷமா சக்கரைங்க. உங்க தூளைப் பத்திப் படிச்சுட்டு பத்து நாளா மாத்திரையை நிறுத்திட்டாங்க. காலையும் ராத்திரியும் பால்ல கலக்கிக் குடிக்கிறாங்க. நேத்து தலை சுத்தி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில பாத்தா சக்கரை 400க்கு மேல. இன்னும் எத்தனை நாள் குடிச்சா குறையும்னு உங்ககிட்டக் கேக்கச் சொல்றாங்க"ன்னுச்சு.

அந்தப் பொண்ணு திட்டலைங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. டாக்டர்கிட்ட கேக்குற மாதிரி மரியாதையாக் கேட்டுச்சு. "கண்ணு, முதல்ல டாக்டர் சொன்ன மாத்திரையைக் குடுங்க. மஞ்சள் குழம்புக்குப் போடுறது, மாத்திரைக்குப் பதிலா ஆகாது. அப்படி எழுதினது எங்க தப்பு"ன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்பறம், "அப்ப ஏனுங்கய்யா அப்படிப் போட்டீங்க?"ன்னு கேட்டுச்சு. எனக்கு வாயில வார்த்தை வரலை.

அன்னைக்கு ராத்திரியே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு எல்லாத்தையும் எடுக்கச் சொன்னேன். நாலு நாள் கழிச்சு நானே திருப்பூருக்குப் போன் போட்டேன். அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு கேட்ட பொறவுதான் எனக்குச் சோறு இறங்குச்சு.

அப்பறம்தான் விசாரிச்சேன். உணவுப் பொருள் விக்கிறவங்க அது நோயைக் குணப்படுத்தும்னு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு விதியே இருக்கு. பாக்கெட்டுல இருக்கிற உணவுப் பாதுகாப்பு உரிம எண் என் பேர்ல. எழுதினவர் பேர் எங்கேயும் இல்லை. ஆர்கானிக் சான்றுக்கு என்.பி.ஓ.பி., பி.ஜி.எஸ்.னு முறைகள் இருக்கு. எங்ககிட்ட எதுவும் இல்லை. அந்த 8 சதவீதக் கணக்கு, மேகாலயாவுல விளையுற லக்கடாங் மஞ்சளைப் பத்திப் பேசுறப்ப சொல்றது. நம்ம பக்கத்து மஞ்சள்ல சாதாரணமா 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும்.

ஆறு மாசம் வெப்சைட்டே இல்லாம கிடந்துச்சு. பொறவு கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அம்மிணி எழுத ஒத்துக்கிட்டாங்க. 9,000 ரூபா கேட்டாங்க. களை எடுக்குற கூலியோட ஒப்பிட்டுப் பாத்து நான் தயங்கினேன். "எழுதுறது ரெண்டு நாள் வேலைதாங்கய்யா. உங்களைக் கேக்குறதுதான் பெரிய வேலை. ஒரு நாள் தோட்டத்துக்கு வரணும்"னாங்க.

மஞ்சள் வேக வைக்கிற அன்னைக்கு விடியக்காலையிலயே வந்துட்டாங்க. வெந்துச்சுன்னு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. நுரை கட்டி வாசம் கிளம்பணும், குச்சியால குத்தினா தடையில்லாம இறங்கணும்னேன். அதிகமா வெந்துட்டான்னு கேட்டாங்க. நிறம் கெட்டுரும்னேன். காஞ்சதுக்கு என்ன அடையாளம்னாங்க. விரலியை ஒடிச்சா தகடு ஒடியுற மாதிரி டக்குனு சத்தம் வரணும், அதுக்குப் பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்னேன். பச்சை மஞ்சள் 5 கிலோ காஞ்சா 1 கிலோதான் தேறும்னு சொன்னதைக் கேட்டு ரெண்டு தடவை எழுதிக்கிட்டாங்க.

அப்பறம் தலை நிமிராம, "யூரியா போடுவீங்களா?"ன்னாங்க. நான் வாய்க்காலைப் பாத்துட்டு நின்னேன். வீட்டுக்காரம்மா, "போடுவோம்"னா. எப்ப, எவ்வளவுன்னு அதையும் கேட்டு எழுதிக்கிட்டாங்க.

"இதை எழுதினா எவனுங்க வாங்குவான்?"னேன்.

"கடையில எல்லாரும் வாங்குறதும் பெரும்பாலும் யூரியா போட்ட மஞ்சள்தாங்கய்யா. அவங்க சொல்றதில்லை, நீங்க சொல்றீங்க. அவ்வளவுதான்"னாங்க.

இப்ப எங்க முதல் பக்கத்துல இருக்கிறது இதுதான்: தொழு உரமும் போடுறோம், யூரியாவும் போடுறோம். ஆர்கானிக் சான்று இல்லை. தூள்ல நிறம் சேக்குறதில்லை, அதனால மங்கலாத்தான் தெரியும். பளபளப்புக்காக லெட் குரோமேட் கலக்குற அநியாயம் நாட்டுல நடக்குறதால அந்த வரி முக்கியம்னு அம்மிணி சொன்னாங்க. கடைசியா, இது சமையலுக்கு, மருந்து இல்லை. நான் பேசுற மாதிரியே இருக்குன்னு மாப்பிள்ளை சொன்னார்.

வியாபாரத்தையும் சொல்லிடறேன். முன்னாடி மாசம் 40 பாக்கெட் போச்சு. இப்ப 25, 30 போகுது. குறைஞ்சதுதான். ஆனா இப்ப வாங்குறவங்கள்ல பாதிப் பேர் திரும்பத் திரும்ப வாங்குறவங்க. மீதி மஞ்சள் எப்பவும்போல ஏலத்துக்குத்தான் போகுது.

நீங்களும் எழுத ஆள் வைக்கிறதா இருந்தா எனக்குத் தெரிஞ்ச நாலு விஷயம் சொல்றேன். சொல் கணக்குல கூலி பேசாதீங்க. இடத்துக்கு வந்து பாத்து, கேள்வி கேக்குறவங்களா பாருங்க. எத்தனை தடவை திருத்திக் குடுப்பாங்கன்னு முன்னாடியே பேசி எழுதி வச்சுக்கங்க. எழுதி வந்ததைத் தோட்டத்துல வேலை செய்யுறவங்க முன்னாடி சத்தமாப் படிங்க. யாராவது சிரிச்சா அந்த வரியை எடுத்துருங்க.

புது எழுத்து வந்தப்ப அந்தத் திருப்பூர்ப் பொண்ணுக்கு அனுப்பி வச்சேன். 'உங்களாலதான் மாத்தினோம்'னு ஒரு வரியும் சேத்தேன். பாத்ததா நீலக் குறி வந்துச்சு, பதில் வரலை. நான் மறுபடி போன் பண்ணிக் கேக்கலைங்க.