எங்க ஊர் செட்டியார்பட்டிக்கு ராஜபாளையம் பக்கம். பக்கத்து தளவாய்புரத்தையும் சேர்த்துச் சொன்னா, நைட்டி தைக்கிற ஊர். தெருவுல நடந்தா, வீட்டுக்கு வீடு தையல் மிஷின் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவுல பரீட்சைக்குப் படிச்சுப் பாருங்க, அதுவே பெரிய தியானம்!

பெரியம்மா மக அக்கா ஒருத்தி. பதினஞ்சு வருஷமா மிஷின் முன்னால குனிஞ்சே உட்கார்ந்திருக்கா. போன லீவுல, “முதுகு விட்டுப்போச்சுடா. எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ”ன்னா. சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறினோம். கோமதி அம்மனைக் கும்பிட்டுட்டு, ஆட்டோ பிடிச்சு வீரிருப்பு.

கரிசல் காட்டுக்கு நடுவுல வெள்ளை வெளேர்னு ஒரு பெரிய கும்மட்டம். “யாருடா இங்க கொண்டாந்து இதைக் கட்டினது?” அக்கா வாயைப் பிளந்துட்டா. உலக அமைதிக் கோபுரம். ஜப்பானின் நிப்போன்சான் மியோஹோஜி துறவிகள் எழுப்பியது. திறப்பு விழா 2020 பிப்ரவரியில்.

இதுக்குப் பின்னால ஒரு மனுஷர் இருக்கார். நிச்சிதாத்சு ஃபுஜி. 1885-ல ஜப்பானின் கியூஷு தீவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இளவயசிலேயே துறவியானவர். 1917-ல இந்த அமைப்பைத் தொடங்கினார். தியானம்னா கண்ணை மூடி அசையாம உட்கார்றதுன்னுதானே நினைக்கிறோம்? இவர் வழியில உடம்பு சும்மா இருக்கக் கூடாது. விசிறி மாதிரி ஒரு கை முரசு. அதைத் தட்டணும், தாமரை சூத்திரத்துக்கு வணக்கம் சொல்ற மந்திரத்தைச் சொல்லணும், நடக்கணும். ஊர் ஊரா, நாடு நாடா நடக்கணும். கை, கால், தொண்டை மூணும்தான் பாடப் புத்தகம்!

புத்தர் பிறந்த மண்ணுக்கே அவர் போதனையைத் திருப்பித் தரணும்னு 1931-ல இந்தியா வந்தார். 1933-ல வார்தாவில் காந்தியைச் சந்திச்சார். அந்த மந்திரம் காந்தியின் ஆசிரமப் பிரார்த்தனையிலும் இடம்பிடிச்சது. ஹிரோஷிமா, நாகசாகிக்கு அப்புறம் அமைதிக் கோபுரம் கட்டுறதையே வாழ்நாள் வேலையா எடுத்துக்கிட்டார். 1954-ல குமமோட்டோ, 1969-ல பீகாரின் ராஜ்கிர்... 1985-ல, 99 வயசுல கண்ணை மூடினார். வீரிருப்பு அவர் பார்க்காத கோபுரம்!

உள்ளே முரசு ஒலிக்க ஆரம்பிச்சது. டம்... டம்... டம்... அக்கா என் காதுல, “இது நம்ம மிஷின் மாதிரியே இருக்குடா. ஆனா அவசரமே இல்ல, பாத்தியா?”ன்னா. சிரிச்சேன். ஆனா, நான் படிச்ச விளக்கம் எதுவும் இவ்ளோ சரியா சொல்லலை. அக்கா கைக்கும் தாளம் தெரியும். உருப்படிக் கணக்கு இல்லாத தாளத்தை அவ கேட்டதே இல்ல.

வெளியே வரும்போது எதிரே ஒரு துறவி. நின்னார். கை கூப்பினார். நல்லாவே குனிஞ்சு கும்பிட்டார், அதுவும் அக்காவை! அக்கா பதறிப்போய் எனக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டா.

தாமரை சூத்திரத்துல ஒரு போதிசத்துவர் வருவார். எதிர்ல யார் வந்தாலும் கும்பிடுவார். ‘நீங்களும் புத்தர் ஆகப்போறவர்’னு சொல்வார். கல்லெடுத்து அடிச்சா, தள்ளி ஓடி நின்னு மறுபடியும் கும்பிடுவார்! ஃபுஜி தன் சீடர்களுக்குச் சொல்லித் தந்த பயிற்சியில முக்கியமானது இந்தக் கும்பிடுதான். இதுக்கு டிகிரி வேணாம், அமைதியான ரூம் வேணாம். முதுகு வளைஞ்சாப் போதும்.

திரும்பற பஸ்ல ஜன்னலோரம் அக்கா. மேற்கே மலை கூடவே வந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சுக் கேட்டா, “ஏன்டா, பதினஞ்சு வருஷமா நான்தானே குனிஞ்சு கிடக்கேன். என்னைப் பார்த்துக் குனிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?”

எனக்குப் பதில் வரலை. என் காலேஜ் ஃபீஸுல பாதி அவ தைச்ச காசு.

ஊர்ல இறங்கினதும் அவ பையை நான் வாங்கிக்கிட்டேன். கும்பிடத்தான் நினைச்சேன், கூச்சமா இருந்துச்சு. பாஸ், முரசு தட்டுறதைக்கூடக் கத்துக்கலாம். வீட்டு ஆளைக் கும்பிடறதுதான் கஷ்டமான ஆசனம்!