முதலில் காவல், பிறகு வாயில்

லினக்ஸ் நம் மாணவர்களுக்குப் புதியதன்று. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பொறிகளில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் குடியிருந்தது. பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை என்பது வேறு கதை! என் அண்ணன் திறந்து பார்த்தார். அந்தப் பித்து எனக்கும் தொற்றியது.

என் சித்தப்பா திருத்தணியில் சிறிய கணினி மையம் ஒன்று நடத்துகிறார். எல்லைக்கு அப்பாலுள்ள நகரியிலிருந்துகூட ஆட்கள் வருவதுண்டு. சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல் என்று அவர்கள் நம்பிக் கொடுக்கும் தாள்களெல்லாம் அங்குள்ள பொறிகளில் பதிவாகின்றன. அவற்றுக்கும் இணையத்துக்கும் நடுவே பழைய லினக்ஸ் கணிப்பொறி ஒன்றை வாயிற்காவலனாக நிறுத்தியிருக்கிறோம். எந்தத் தகவலை உள்ளே விடலாம், எதைத் தடுக்க வேண்டும் என்னும் விதிகளே அதன் தீயரண். ஆங்கிலத்தில் ஃபயர்வால் என்பார்கள்.

இந்தக் காவலனிடம் ஒரு விந்தைக் குணம் உண்டு. 'ஐபிடேபிள்ஸ்' கட்டளையால் நாம் இடும் விதிகள் கெர்னலின் நினைவில் மட்டுமே தங்கும். மின்சாரம் போனால் அத்தனையும் மறந்துபோகும். மழைக்காலத்தில் நம் ஊரில் மின்சாரம் எத்தனை முறை போகும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ? சித்தப்பா தட்டச்சில் வல்லவர். கட்டளை இடச் சொன்னாலோ, "நீயே வந்து பாத்துக்கப்பா" என்று விடுவார். நான் அப்போது வகுப்பில் இருப்பேன். ஆகவே விதிகளை ஒரு ஸ்கிரிப்டாக எழுதி, பொறி எழும்போது தானே ஓடும்படி செய்ய வேண்டியிருந்தது.

'ஆர்சி.லோக்கல்' என்ற கோப்பில் அதைச் சேர்ப்பது பழைய வழக்கம். எளிதுதான், ஆனால் அது தொடக்க வேலைகளின் கடைசியில் ஓடுவது. அதற்குள் வலையிணைப்பு உயிர்பெற்றிருக்கும். சில நொடிகள்தானே என்பீர்கள். எங்கள் பொறியின் பதிவேட்டைப் புரட்டினால், நள்ளிரவிலும் எங்கெங்கிருந்தோ தானியங்கி நிரல்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது தெரியும். அவற்றுக்குச் சில நொடியே தாராளம்!

இரயில்வே கேட்டை எண்ணிப் பாருங்கள். இன்டர்லாக்கிங் செய்த கேட்டில், கேட் மூடிப் பூட்டப்பட்டாலன்றி இரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. அந்த வரிசைதான் இங்கும் வேண்டும். அதற்கு 'சிஸ்டம்டி' வழி செய்கிறது. நம் ஸ்கிரிப்டுக்கென எழுதும் சேவைக் கோப்பில் 'பிஃபோர்', 'வான்ட்ஸ்' ஆகிய இரு வரிகளிலும் 'நெட்வொர்க்-பிரி டார்கெட்' என்று குறித்து, வகையை 'ஒன்ஷாட்' என்று வைத்து, ஒருமுறை 'எனேபிள்' செய்துவிட்டால், ஸ்கிரிப்ட் ஓடி முடியும்வரை வலையிணைப்பு காத்திருக்கும்.

ஸ்கிரிப்டுக்குள்ளும் வரிசை முக்கியம். முதல் வரிகளிலேயே எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, பிறகு வேண்டியதை மட்டும் திறக்க வேண்டும். நடுவில் எழுத்துப்பிழையால் ஸ்கிரிப்ட் நின்றாலும் கதவு மூடியே இருக்கும். தளங்களின் பெயரை எழுதாமல் எண் முகவரியையே எழுத வேண்டும். வலை எழாத நேரத்தில் பெயருக்கு முகவரி சொல்ல யார் இருக்கிறார்கள்?

சென்ற ஐப்பசியில் ஒரே நாளில் மூன்று முறை மின்சாரம் போயிற்று. சித்தப்பாவிடமிருந்து எனக்கு ஃபோன் வரவில்லை. மாலையில் போய்ப் பார்த்தேன். விதிகள் அத்தனையும் இருந்தன. 2014-இல் கெர்னலுக்குள் வந்த 'என்எஃப்டேபிள்ஸ்' விதிக்கோப்பை முழுதாக ஏற்கும், அல்லது முழுதாக மறுக்கும், பாதியில் நிற்பதில்லை. அதற்கு மாறும் வேலையைப் பருவத் தேர்வு விடுமுறைக்கு வைத்திருக்கிறேன்.