சுவருக்கு நகல், பெட்டிக்கு மூலம்

ஜூன் 3

பழைய ஸ்கிராப் புக்கிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்ட நினைப்பவர்கள் முதலில் பிரேமின் நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பேச வேண்டியது அந்தப் பக்கத்தில் என்னென்ன ஒட்டியிருக்கிறது என்பதைப் பற்றி. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்த நாட்களில் வாராவாரம் தாள்களைக் கத்தரித்துச் சேர்த்த வீடுகள் ஏராளம். தொடர் முழுவதையும் பைண்டு செய்தவர்கள் உண்டு, அதற்கு ஓவியர் மணியம் வரைந்த படங்களை மட்டும் நோட்டில் ஒட்டியவர்களும் உண்டு. அப்படியொரு நோட்டின் பக்கத்தில் பத்திரிகைப் படம் ஒன்று, பக்கத்திலேயே ஒரு சினிமா டிக்கெட், கீழே பவுண்டன் பேனாவில் இரண்டு வரி, பின்னாளில் யாரோ ஸ்கெட்ச் பேனாவால் போட்ட பார்டர், கிழிந்த மூலையில் செலோ டேப் என்று எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றும் கெடுவது ஒவ்வொரு விதம். மலிவான பத்திரிகைத் தாள் அரைத்த மரக்கூழில் ஆனது. அதிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறும், தாள் மொரமொரத்து உடையும். டேப்பின் பசை தாளுக்குள் ஊறிக் கறையாகும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் தானாக உதிரும். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருந்தால், அதிலுள்ள செம்பே தாளின் நாரை நாளடைவில் சிதைக்கும். ஆகவே ஒரு பக்கத்தின் ஆயுள் என்பது அதிலுள்ள ஆக மட்டமான பொருளின் ஆயுள்தான். இப்படிப்பட்ட பக்கத்தின் நகலைத்தான் சுவரில் மாட்ட வேண்டும், மூலம் இருட்டில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஜூன் 5

இதற்கு முதல் மறுப்பு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைக்கிறதே என்பது. கிடைக்கிறது, நல்லதும்கூட. ஆனால் சாயத்தை வெளுக்க வைப்பது புற ஊதா மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் வெளுக்க வைக்கும். அதைத் தடுத்தால் படமே தெரியாது. அருங்காட்சியகங்கள் காகிதப் படைப்புகளுக்கு வழக்கமாக வைத்திருக்கும் வரம்பு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெளிச்சத்தின் கேடு கூடிக்கொண்டே போவது. இரவில் விளக்கை அணைத்தால் அது ஆறிவிடாது. நாளைக்கு 8 மணி நேரம் 50 லக்ஸ் என்றால் 400 லக்ஸ்-மணி. நம் ஊர் உச்சி வெயில் 1,00,000 லக்ஸைத் தொடும். ஜன்னல் வழியே சாய்ந்து வருவதில் பாதி குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். 50,000 லக்ஸ் வெயில் சுவரில் ஒரு மணி நேரம் விழுந்தால், அந்தப் பக்கம் அருங்காட்சியகத்தில் 125 நாள் வாங்கியிருக்க வேண்டிய வெளிச்சத்தை அன்றே வாங்கிவிடுகிறது. வெயில் படாத சுவர் என்றாலும், பகல் முழுக்க ஜன்னல் திறந்திருக்கும் கூடத்தில் சில நூறு லக்ஸ் சாதாரணம். ஸ்கெட்ச் பேனா மையும் தண்ணீர் பட்டால் கரையும் நீல மையும் இதில் முதல் பலி. படம் நிற்கும், அடியில் எழுதிய வரி போய்விடும். ஸ்கிராப் புக்கில் இருப்பவற்றுள் வேறெங்கும் கிடைக்காதது அந்த வரி மட்டுமே.

ஜூன் 8

வெளிச்சத்தைச் சமாளித்தாலும் பிரேமே ஒரு சிக்கல். சாமி படத்துக்கு பிரேம் போடும் கடையில் வழக்கமான முறை, படத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து, பின்னால் ஹார்டுபோர்டு கொடுத்து, ஆணி அடித்து, விளிம்பில் பிரவுன் டேப் ஒட்டுவது. அச்சடித்த காலண்டர் படத்துக்கு அது போதும். பழைய பக்கத்துக்கோ ஹார்டுபோர்டிலிருந்து அமிலம் ஏறும். கண்ணாடியை ஒட்டிய இடத்தில் ஈரம் கோத்துத் தாள் ஒட்டிக்கொள்ளும், புகைப்படமாக இருந்தால் பிரிக்கவே முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையின் வெளிச்சுவர்கள் ஓதம் காத்துக் கிடக்கும்; காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 70-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சைக்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை. இராமபாணப் பூச்சி நுழைய நூலிழை இடைவெளி போதும். “அப்படியானால் லாமினேட் செய்துவிடலாமே” என்பார்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. பிளாஸ்டிக் உறைக்குள்ளும் தாளின் அமிலம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் வில்லியம் பாரோ 1930-களில் செல்லுலோஸ் அசிடேட் படலத்தைச் சூட்டில் ஒட்டி ஆவணங்களைக் காத்த முறை ஒரு காலத்தில் பெயர்பெற்றது. பிற்காலத்தில் அந்தப் படலத்தை நீக்குவதே பாதுகாப்பாளர்களுக்கு ஒரு வேலையாயிற்று. எதைச் செய்தாலும் திருப்பிச் சரிசெய்ய முடிய வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஜூன் 12

இனி மனசு சம்பந்தப்பட்ட மறுப்பு: நகலில் உயிர் இல்லை, பெட்டிக்குள் பூட்டியதை யார் பார்க்கப் போகிறார்கள்? இதை இலேசாகத் தள்ளக்கூடாது. தொட்டுப் பார்க்கும் தாளுக்கும் அச்சுப் படத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் போனதைத் தொட முடியாது. பின்பக்கத்தையும் பார்க்க முடியாது. கத்தரித்த துண்டின் பின்னால் பாதி அறுந்த சோப்பு விளம்பரமோ, ஒரு சினிமா வெளியீட்டு அறிவிப்போ இருந்தால், அது எந்த ஆண்டுத் தாள் என்று சொல்ல அதுவே சாட்சி. பிரேமுக்குள் போன மூலம் இந்த வகையில் நகலாகவே ஆகிவிடுகிறது. பெட்டியில் இருக்கும் பக்கத்தையோ பொங்கலுக்குக் கூடும் குடும்பம் எடுத்துப் புரட்டலாம், திருப்பலாம், பழைய தாளின் வாசனையையும் அறியலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு அழைப்பிதழ், துண்டறிக்கை, பத்திரிகை நறுக்கு என்று பிறர் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். அந்தத் தொகுப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகம், நைந்த தாள்களை மைக்ரோபிலிமில் பதிவுசெய்வதைத் தன் முக்கியப் பணியாகக் கொண்டது. வாசிப்பவர் கைக்குப் பிரதி, காப்பறைக்கு மூலம் என்ற அந்த ஏற்பாட்டால்தான் பலர் படித்தும் தாள் தேயாமல் இருக்கிறது. மறைத்து வைத்ததால் அங்கே எதுவும் சாகவில்லை.

ஜூன் 15

விதிவிலக்கு உண்டு. பக்கம் முழுவதும் நன்கு கழுவிய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களாக இருந்து, ஒட்டிய அட்டையும் தரமானதாக இருந்தால், உட்சுவரில், கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே மவுண்ட் வைத்து, ஆண்டுக்குச் சில மாதம் மூலத்தையே மாட்டலாம். அப்போதும் முழுப்பசை கூடாது. கோதுமை மாவுச்சத்துப் பசையில் மெல்லிய ஜப்பானியத் தாளால் மேல் விளிம்பை மட்டும் பிடித்தால் போதும். மற்றதற்கெல்லாம் நகல்தான். செலவு அதிகம் என்று சொல்ல முடியாது. 600 டிபிஐ-யில் ஒரு முறை ஸ்கேன் எடுத்து, பிக்மென்ட் மையில் மேட் தாளில் அச்சடித்தால் அதே சாமி படக் கடையில் சாதாரண பிரேம் போடலாம். கட்டைவிரல் அகல டிக்கெட்டை நாற்காலியில் உட்கார்ந்தபடி படிக்கும் அளவுக்குப் பெரிதாக்கவும் முடியும். மூலத்தால் அது ஆகாது. நகல் நான்கு ஆண்டில் வெளுத்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். மூலத்தின் பக்கங்களைப் பிய்க்காமல், இடையிடையே அமிலமில்லாத தாள் வைத்து, அதே வகை அட்டைப் பெட்டியில் படுக்கை வசமாக, பீரோவின் நடுத்தட்டில் வைப்பது நல்லது. பரண் சூடு, அடித்தட்டு ஈரம். பிவிசி உறை வேண்டாம், பாலியெஸ்டர் உறை போடலாம். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்கு வெளியே வைக்கலாம். வேப்பிலையைப் பக்கத்துக்குள் செருகினால் கறைதான் மிஞ்சும். ஆகவே செலவுப் பட்டியலில் ஸ்கேன் முதலில், பெட்டி அடுத்து, பிரேம் கடைசியில். பணம் முட்டினால் விட வேண்டியதும் அந்தக் கடைசியைத்தான்.