சாக்குத் துணியும் பால்கறைச் சட்டையும்



ஆகஸ்டு பிறந்துவிட்டால் பள்ளிகளில் தேசிய மாதக் கொண்டாட்டம் களைகட்டிவிடும். பாட்டு, ஓவியம், புதிர் ஆகியவற்றோடு மறுபயனீட்டுப் பொருள்களைக் கொண்டு செய்யப்படும் மாறுவேடப் போட்டியும் பல பள்ளிகளில் நடைபெறுகின்றது. காம்பாரில் நான் பணியாற்றும் பள்ளியில் அப்போட்டியை நடத்தும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடமே இருந்து வருகின்றது. வாடகை உடைக்கு நாற்பது ஐம்பது வெள்ளி கொடுக்க இயலாத பெற்றோருக்கு இப்போட்டி ஓர் ஆறுதல். இங்கே பணம் வெல்வதில்லை, கைத்திறனே வெல்கிறது. அதனால் இப்பொறுப்பை நான் விரும்பியே ஏற்றுக்கொண்டேன்.

செய்முறையும் எளிதுதான். பிள்ளையின் பழைய டி-சட்டை ஒன்றைத் தாளின்மேல் விரித்து அளவெடுத்து, சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டினால் தையலுக்குச் சரியாக இருக்கும். பத்துக் கிலோ அரிசிப் பையை வெட்டினால் ஓரம் நூல் நூலாகப் பிரிந்துவிடும். ஒட்டுநாடாவை ஒட்டி, மடித்துத் தைத்தால் நிற்கும். மைலோ பொட்டலங்களின் உட்புறம் வெள்ளியாய் மின்னும். கிரீடத்திற்கும் ஒட்டியாணத்திற்கும் அதைவிடச் சிறந்த பொருள் இல்லை. ராஃபியா கயிற்றைக் கோதிவிட்டால் முனிவரின் சடை தயார்.

2018-ஆம் ஆண்டுப் போட்டிக்குக் கோணிச்சாக்கையும் இப்பட்டியலில் சேர்த்தேன். சணலால் ஆனது, மலிவானது, மண்ணில் மக்கக்கூடியது என்று வகுப்பில் விளக்கினேன். 1930-களில், அமெரிக்காவில் பொருளாதார மந்தம் நிலவியபோது, தாய்மார்கள் மாவு மூட்டைத் துணியில் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்ததையும், அதைக் கண்ட மாவு ஆலைகள் மூட்டைகளில் பூக்களை அச்சிட்டு விற்றதையும் சொன்னேன். மாணவர்கள் வியந்து கேட்டனர்.

அவ்வகுப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். வசதி குறைந்த குடும்பம். அவளைப் பழங்காலத் தோட்டத் தொழிலாளியாக நிறுத்தலாம் என்று முடிவு செய்து, நல்ல சாக்கு ஒன்றைத் தேடி, துவைத்து, வெயிலில் உலர்த்தி அவளிடம் கொடுத்தனுப்பினேன். உதவி செய்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய கொள்ளுப்பாட்டி, பேரனின் துணையோடு பள்ளிக்கு வந்தார். எண்பதைக் கடந்த வயது. கையில் அந்தச் சாக்கு நான்காக மடிக்கப்பட்டிருந்தது.

“டீச்சர், தப்பா நெனைச்சுக்காதீங்க. பிள்ளைக்குச் சாக்கு வேணாம்.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சற்று எரிச்சலாகவே இருந்தது. சுத்தமாகத் துவைத்த சாக்குதான் என்று விளக்க முற்பட்டேன். அவர் நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அழுக்குன்னு சொல்லல டீச்சர். எங்கம்மா ஜப்பான்காரன் காலத்துல இதைத்தான் கட்டியிருந்தாங்க” என்றார்.

காம்பாரில் வாழும் நமக்கு அந்தப் போர் புதிதன்று. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் படையெடுப்பைத் தொடங்கிய ஜப்பானியப் படை, அம்மாத இறுதியில் நம் ஊரின் வாசலுக்கே வந்துவிட்டது. டிசம்பர் 30 முதல் 1942 சனவரி 2 வரை ‘கிரீன் ரிட்ஜ்’, ‘தாம்சன் ரிட்ஜ்’ மேடுகளில் ஆங்கிலேயரும் இந்தியப் படையினரும் எதிர்த்துப் போரிட்டதை மாணவர்களுக்குச் சொல்கிறோம். அதன்பின் மூன்றரை ஆண்டுகள் மக்கள் என்ன உடுத்தினார்கள் என்பதை நான் சொன்னதே இல்லை.

மலாயாவுக்குத் துணி கடல் வழியாகவே வந்துகொண்டிருந்தது. கப்பல் நின்றதும் துணியும் நின்றது. இரப்பருக்கு வழக்கமான சந்தை இல்லாமற்போனது; தோட்ட மக்கள் மரவள்ளிக்கிழங்கு நட்டு உயிர் பிழைத்தனர். இருந்த உடைகள் கிழிந்த பிறகு, அரிசி வந்த சாக்குகளே உடையாயின. சயாம்–பர்மா இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் பலருக்கும் சாக்கே இடுப்புத் துணியாயிற்று.

பாட்டிக்கு அப்போது ஐந்தாறு வயதாம். தாயாரும் சிற்றன்னையும் ஒரே கைலியை வைத்திருந்தார்களாம். வெளியே போகிறவர் அதைக் கட்டிக்கொள்வார், வீட்டில் இருப்பவர் சாக்கைச் சுற்றிக்கொள்வார். சாக்கு உரசிய இடமெல்லாம் புண். தையல் ஓரங்களில் சீலைப்பேன். போர் முடிந்து புதுத்துணி கிடைத்த அன்று, தாயார் அந்தச் சாக்கை அடுப்பில் போட்டு எரித்துவிட்டாராம்.

நான் வாயடைத்து நின்றேன். அமெரிக்கத் தாய்மாரின் மூட்டைச் சட்டையை அறிந்திருந்த எனக்கு, என் மாணவியின் வீட்டுக் கதை தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

“அதுக்கென்ன டீச்சர், உங்களுக்கு எப்படித் தெரியும்? தோட்டத்து ஆளுதானே வேணும்? நான் தைச்சுத் தரேன்” என்றார்.

அடுத்த வாரம் அவர் அனுப்பிய உடையை இன்றும் மறக்க முடியவில்லை. தாம் பால்மரம் வெட்டப் போனபோது அணிந்த நீண்ட கைச் சட்டையைப் பிரித்து, தோளைக் குறுக்கி, கையைச் சுருக்கிப் பிள்ளையின் அளவுக்குக் கையாலேயே தைத்திருந்தார். பால் காய்ந்து கறுத்த கறைகள் அப்படியே இருந்தன; இரப்பர்ப் பால் துணியில் பட்டு உலர்ந்தால் எந்தச் சவர்க்காரத்திற்கும் அசையாது. சாயம் போன கைலியை இரண்டாக மடித்து, இடுப்பில் இரப்பர் நாடா கோத்திருந்தார். தலைக்கு ஒரு முக்காட்டுத் துணி. நாங்கள் நெகிழிப் புட்டியின் அடிப்பாகத்தை வெட்டி மங்கு செய்தோம். அட்டையில் வெள்ளித்தாளைச் சுற்றிப் பால்கத்தி செய்தோம்.

அவளுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. பழைய குறுந்தட்டுகளால் ஆன இயந்திர மனிதன் முதல் பரிசைத் தட்டிச் சென்றான். பாட்டி வந்திருந்தார். பரிசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, “ஒரு பொத்தான் விழுந்துருச்சே” என்றார்.

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்னும் பழமொழியை எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். தூய்மையைப் பற்றியது என்று மட்டுமே பொருள் கூறி வந்தேன். அது தன்மானத்தையும் பற்றியது என்பதை அந்தப் பாட்டியிடம்தான் கற்றேன். இருப்பவர் விரும்பி உடுத்தும் பழந்துணி வேறு. இல்லாதவர்மேல் காலம் சுமத்திய சாக்கு வேறு. இரண்டையும் ‘மறுபயனீடு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது.

இப்பொழுதும் அப்போட்டியை நடத்துகிறேன். ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். எப்பொருளால் உடை செய்வது என்று முடிவெடுக்கும் முன், அதைப் பற்றி வீட்டில் உள்ள மூத்தவரிடம் கேட்டு வருமாறு மாணவர்களிடம் சொல்கிறேன். ஆசிரிய நண்பர்களே, நீங்களும் இதைச் செய்து பாருங்கள். உடையோடு ஒரு கதையும் பள்ளிக்கு வந்து சேரும்.